துரைக்கு ஒரு மாத்திரை

"இந்த வீட்ல இனிமே நாய்க்கு மாத்திரை குடுக்கிறது என் பொறுப்பு!"

சம்மதம் சார் இப்படி அறிவித்தபோது சோபாவில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். சம்பந்தப்பட்ட நாய் ஜன்னலோரத்தில் படுத்திருந்தது. அறிவிப்பைக் கேட்டு மனைவி நிமிரவில்லை. நாய் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, பார்த்தது வீண் என்பது போல மறுபடி மூடிக்கொண்டது.

சம்மதம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, ஆபீஸ் வைத்த பெயர். தண்ணீரைச் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்கிற கம்பெனியில், வீடு வீடாகப் போய் மணியடிக்கிற விற்பனையாளர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்தார். "திணிக்காதே! சம்மதிக்க வை!" என்று பதினான்கு வருடமாக அதே வெள்ளைப் பலகையில் அதே நீல மையால் எழுதிக்கொண்டிருந்தார். அவர் நேரில் போய் ஓர் இயந்திரமாவது விற்றதாக யாருக்கும் நினைவில்லை. அது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றியதும் இல்லை.

மனைவிக்கு வேலை ரத்தப் பரிசோதனைக் கூடத்தில். காலை ஆறு மணிக்கே, வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பவர்களின் கையைப் பிடித்து, ஊசி குத்தி ரத்தம் எடுப்பாள். ஊசியைக் கண்டால் மயங்கி விழுகிற மல்யுத்த வீரர்களைக்கூட அவள் பார்த்திருக்கிறாள். "எங்க, அந்த ஃபேனைப் பாருங்க" என்பாள். அவர்கள் ஃபேனைப் பார்த்து முடிப்பதற்குள் பஞ்சு வைத்து அனுப்பிவிடுவாள்.

நாயின் பெயர் துரை. தெருவில் குட்டியாகக் கிடந்ததை மனைவிதான் எடுத்து வந்தாள். வந்த இரண்டாம் நாளே அது வீட்டை மேற்பார்வை பார்ப்பது போல அறை அறையாக நடந்ததால் அந்தப் பெயர். அந்தத் துரைக்கு இப்போது உண்ணிக் காய்ச்சல். மூன்று நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லை. நடந்தால் பின்னங்கால் தள்ளாடியது. மாட்டு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இருபத்தோரு மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். தினம் ஒன்று, ஆகாரத்தோடு.

"ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டீங்கன்னா இங்க கொண்டுவந்து படுக்க வெச்சு டிரிப்ஸ்தான் ஏத்தணும். அப்பவும் பிழைக்கும்னு நான் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"காலையில நீ கிளம்பிடற. நான் எட்டு மணி வரைக்கும் வீட்லதானே இருக்கேன்? நான் குடுக்கறேன்" என்றார் சம்மதம் சார்.

"வேண்டாங்க. மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்துடறேன். சாப்பாடு வைக்கும்போது நானே குடுத்துடறேன்."

"எப்படிக் குடுப்ப?"

"வாயைத் திறந்து, போட்டு, மூடி."

சம்மதம் சார் வாய்விட்டுச் சிரித்தார்.

"இதுதான் பலவந்தம்ங்கறது! வாயைத் திறந்து போடறதுக்கு அதென்ன தபால் பெட்டியா? அதுவும் ஒரு ஜீவன்தானே. அதுக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல? இருபத்தோரு நாளும் அடம் பிடிச்சா என்ன பண்ணுவ? நான் குடுத்தா அதுவே கேட்டு வாங்கிச் சாப்பிடும். பாக்கறியா?"

"பாக்கறேன்."

"ரெண்டே நாள். மூணாம் நாள் மாத்திரை எங்கேன்னு அதுவே தேடும்."

"சரிங்க. உங்க இஷ்டம்" என்று மனைவி மாத்திரை அட்டையை அவர் கையில் கொடுத்தாள். இத்தனை சுலபமாக அவள் விட்டுக் கொடுத்ததும் அவர் உஷாராகியிருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவள் விவாதமின்றி விட்டுக் கொடுத்தது மொத்தம் நான்கு தடவை. நான்கிலும் மூக்குடைந்தது யார் என்று அவருக்கே தெரியும். ஆனால் அவர் அப்போது வெற்றியை ருசித்துக்கொண்டிருந்தார். ருசிக்கிற நேரத்தில் யோசிக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

முதல் நாள் காலை ரொட்டித் துண்டில் வெண்ணெய் தடவி, நடுவில் மாத்திரையைப் பதித்து, நாய்க்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"துரை, இதப் பாரு. நான் உன்னை வற்புறுத்தலை. உனக்கு என்ன நல்லதுன்னு உனக்கே தெரியும். முடிவு உன்னோடது."

துரை முடிவெடுத்தது. ரொட்டியை வாங்கியது. இடப்பக்கம் மென்றது, வலப்பக்கம் மென்றது, உதட்டை நக்கியது. ரொட்டி போயிற்று, வெண்ணெய் போயிற்று. சம்மதம் சார் கைதட்டுவதற்காகக் கையை எடுத்தபோது வாயோரத்திலிருந்து சட்டைப் பொத்தான் போல ஒன்று வழுக்கி வந்து தரையில் விழுந்தது. அலம்பித் துடைத்த மாதிரி அவ்வளவு சுத்தம். கம்பெனியின் இயந்திரம்கூட எதையும் இவ்வளவு நேர்த்தியாகப் பிரித்துக் கொடுத்ததில்லை.

இன்னொரு ரொட்டி, இன்னொரு தடவை. அப்புறம் மூன்றாவது. அரை பாக்கெட் ரொட்டி தீர்ந்ததும் துரை ஏப்பம் விட்டுவிட்டு ஜன்னலோரம் போய்ப் படுத்தது. மணி எட்டு அடித்தது. சம்மதம் சார் மாத்திரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு கட்டை விரலால் மாத்திரையை சோபாவுக்கு அடியில் தள்ளினார்.

பஸ்ஸில் போகும்போது மனைவியின் போன் வந்தது.

"குடுத்தீங்களா?"

"பின்னே!"

"சாப்பிட்டானா?"

"ரொட்டியோட, ரசிச்சு!" என்றார். ரொட்டியைப் பொறுத்தவரை அது உண்மை என்று தன் மனசாட்சிக்கும் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இரண்டாம் நாள் மாத்திரையைக் கரண்டியால் பொடித்துப் பாலில் கலக்கினார். துரை கிண்ணத்தை ஒருமுறை சுற்றி வந்தது. மோந்தது. பாலைப் பார்த்தது. பிறகு அவரைப் பார்த்தது. அந்தப் பார்வையை அவர் ஏற்கெனவே எங்கோ பார்த்திருக்கிறார். ஆபீஸில், சம்பள உயர்வு கேட்டுப் போனபோது, மேனேஜர் முகத்தில். பிறகு துரை முன்னங்காலால் கிண்ணத்தை லேசாக ஒரு தட்டுத் தட்டியது. பால் நேராக வந்து அவருடைய இஸ்திரி போட்ட பேண்ட்டில் ஏறியது.

அன்று சாயங்காலம் டீயோடு உட்கார்ந்திருந்தபோது துரை மெல்ல வந்து அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்தது. தலை கொதித்தது. சம்மதம் சார் டீயைக் கீழே வைத்தார். நாளைக்கு எப்படியாவது கொடுத்துவிட வேண்டும், முடியாவிட்டால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று உறுதி செய்துகொண்டார். இந்தக் கதையில் அவர் நல்ல மனிதராக இருந்த கால் மணி நேரம் இதுதான். எனவே பதிவு செய்யப்படுகிறது.

மூன்றாம் நாள் காலை கடைசி அஸ்திரத்தை எடுத்தார். செய்து காட்டுதல். பயிற்சி வகுப்பில் இயந்திரத்தின் தண்ணீரைத் தாமே குடித்துக் காட்டி, "ஆஹா!" என்பார். அதே வித்தைதான். மாத்திரையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தார்.

"துரை! பாரு! நான் சாப்பிடப் போறேன். ம்ம்ம்! உனக்குக் கிடையாது!"

வாயில் போடுவது போல பாவனை செய்தார். துரை அசையவில்லை. நாக்கின் மேல் வைத்துக் காட்டினார். துரை கொட்டாவி விட்டது. நாயின் கொட்டாவி மனிதனுக்கும் தொற்றும் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரும் ஒரு கொட்டாவி விட்டார். நாக்கில் இருந்த மாத்திரை உள்ளே போய்விட்டது.

பிறகு நடந்ததை முழுதும் விவரிப்பது ஒரு குடும்பஸ்தருக்கு மரியாதை ஆகாது. இருமினார், விரலை விட்டார், குனிந்தார், குதித்தார். மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். எல்லாவற்றையும் துரை எழுந்து உட்கார்ந்து, காதைத் தூக்கி, மிகுந்த அக்கறையோடு பார்த்தது. காய்ச்சல் வந்ததிலிருந்து அது எதிலும் இத்தனை ஈடுபாடு காட்டியதில்லை. கடைசியில் அவர் மாட்டு டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டார். வரவேற்பில் இருக்கும் பெண் எடுத்தாள்.

"உண்ணிக் காய்ச்சல் மாத்திரை... ஒண்ணு தப்பா உள்ள போயிடுச்சுங்க. ஏதாவது ஆகுமா?"

"வயசு என்ன சார்?"

"நாப்பத்தெட்டு."

"மாசமா சார்?"

"...வருஷம்."

"எடை?"

"எண்பத்திரண்டு கிலோ."

"அவ்வளவு எடையா! என்ன இனம் சார்?"

"அது... நம்ம இனம்தாங்க."

அந்தப் பெண் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு கேட்டது. திரும்பி வந்தபோது குரலில் கண்ணீர் இருந்தது. "ஒண்ணும் ஆகாதாம் சார். மனுஷங்களுக்கும் இதே மருந்துதானாம். டாக்டர் சொல்லச் சொன்னார்... உண்ணி மட்டும் இருக்கான்னு பாத்துக்கணுமாம்."

அந்த அவமானத்தோடு பஸ் ஏறியவருக்குப் பாதி வழியில் ஒரு ஞானம் பிறந்தது. அட்டையில் மூன்று மாத்திரை குறைந்திருக்கிறது. மனைவி அட்டையைத்தானே பார்க்கப் போகிறாள்? நாயின் வயிற்றைத் திறந்தா பார்க்கப் போகிறாள்? இருந்தாலும் துரையின் கொதிக்கும் தலை ஞாபகம் வந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாக்குமூலத்துக்குத் தயாராகித் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு சொல்லணும்..." என்று ஆரம்பித்தார்.

"நானே சொல்லலாம்னு இருந்தேங்க. துரை இன்னிக்கு தட்டு வழிச்சுச் சாப்பிட்டான். வாசல் வரைக்கும் ஓடி வந்தான். உங்க கைராசியே கைராசி."

சம்மதம் சார் ஜன்னலோரம் பார்த்தார். துரை நிஜமாகவே வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தார். சூடு குறைந்திருந்தது.

"என்னமோ சொல்லணும்னீங்களே?"

"அதான்... அதேதான் சொல்ல வந்தேன்" என்றார். வாக்குமூலத்தை விழுங்கிவிட்டார். அன்றைக்கு அவர் விழுங்கிய இரண்டாவது சமாசாரம் அது.

அதன் பிறகு வேலை சுலபமாயிற்று. காலையில் ஒரு மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஆபீஸ் போய், மேஜை இழுப்பறையில் குண்டூசி டப்பாவுக்குள் போடுவார். ஞாபகம் இல்லாத நாளில் பையிலேயே கிடக்கும். துரையோ நாளுக்கு நாள் தேறிவந்தது. இதற்கு அவர் ஒரு விளக்கமும் கண்டுபிடித்தார். மாட்டு டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. நோயைக் குணமாக்கியது காலையில் தாம் அதோடு பேசிய பேச்சு. நல்ல வார்த்தைக்கு உடம்பு கேட்கிறது!

எட்டாம் நாள் மாட்டு டாக்டர் ரத்தத்தைப் பரிசோதித்துவிட்டுத் தலையாட்டினார். "பிரமாதம். ஒரு வேளைகூட விடாம குடுத்திருக்கீங்க. யார் குடுக்கறது?"

"இவர்தான் டாக்டர்" என்றாள் மனைவி.

"அடேயப்பா! இந்த மாத்திரை கசப்பு. ஆளுங்களே முழுங்க மாட்டாங்க."

வரவேற்புப் பெண்ணுக்கு அப்போது பார்த்து இருமல் வந்துவிட்டது.

ஆபீஸில் சம்மதம் சார் வெள்ளைப் பலகையை அழித்துப் புதுத் தலைப்பு எழுதினார்: "நாயைச் சம்மதிக்க வைத்தவன் நாட்டையே சம்மதிக்க வைப்பான்." இரண்டு மணி நேரம் பேசினார். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "சார், நாய் உண்மையிலேயே முழுங்கிச்சான்னு எப்படி உறுதி பண்ணிக்கறது?" என்று கேட்டாள். அவநம்பிக்கை விற்பனையாளரின் முதல் எதிரி என்று சொல்லி அவளை உட்கார வைத்தார்.

வீட்டிலும் புகழ் பரப்பு நடந்தது. மாடி வீட்டில் குடியிருந்தவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மனிதரிடம் பேசுவதைவிடத் தம் பூனை மகாராணியிடம் அதிகம் பேசுகிற ஆள். மாடிப்படியில் அவரைப் பார்த்தபோதெல்லாம் சம்மதம் சார் நிறுத்திவைத்துப் பேசினார். "நாயாவது பூனையாவது சார்! வாயுள்ள ஜீவன் எதுவா இருந்தாலும் எங்கிட்ட கொண்டு வாங்க. அஞ்சு நிமிஷம்!" கார்டு அவரை மரியாதையோடு பார்த்தார். அந்த மரியாதை சம்மதம் சாருக்குப் பசியைத் தூண்டியது.

பன்னிரண்டாம் நாள் ஆபீஸில் தண்ணீர் வரவில்லை. சுத்தம் செய்யும் இயந்திரக் கம்பெனியில் சுத்தம் செய்யத் தண்ணீர் இல்லை. மத்தியானத்தோடு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சம்மதம் சார் இரண்டரை மணிக்கு வீட்டு வாசலுக்கு வந்தார். மணியடிக்கப் போனவர், சமையலறை ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார்.

மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். துரை அவள் மடியில் தாடையை வைத்திருந்தது. "எங்க, ஃபேனைப் பாரு" என்றாள். துரை அண்ணாந்தது. ஒரு கை தாடையைத் திறந்தது, மறு கை அடிநாக்கில் எதையோ வைத்தது, வாய் மூடியது, கழுத்தை ஒரு தடவல், மூக்கில் ஒரு ஊதல். துரை 'களக்' என்று விழுங்கிவிட்டு அவள் கையை நக்கியது.

இலக்கணத்தில் மாத்திரை என்றால் கண் இமைக்கும் நேரம். பள்ளிக்கூடத்தில் அவர் அதை மனப்பாடம் செய்திருக்கிறார். கண்ணால் பார்த்தது இப்போதுதான்.

அவர் மணியடிக்கவில்லை. தெருமுனை வரை போனார், டீக்கடையில் இரண்டு டீ குடித்தார், ஐந்தரை மணிக்கு வழக்கம் போல வந்தார். வரும்போதே கோபத்தையும் தயாரித்து எடுத்து வந்தார். தவறு தன் பக்கம் இருக்கும்போது முதலில் கத்திவிட வேண்டும் என்பது அவருடைய சொந்த வாழ்க்கைப் பயிற்சி.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு!"

"என்னங்க?"

"மத்தியானம் நீ துரைக்குத் தனியா மாத்திரை குடுக்கற! என் மேல உனக்கு நம்பிக்கை இல்லை! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லலை. முதல் நாளே டாக்டர்கிட்ட இன்னொரு அட்டை வாங்கிட்டேன்."

"பொறுப்பு இருக்கா உனக்கு? காலையில நான் ஒண்ணு, மத்தியானம் நீ ஒண்ணு! ஒரு நாளைக்கு ரெண்டு! அந்த வாயில்லா ஜீவன் செத்துப் போயிருந்தா?"

மனைவி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

"ஆமாங்க, ரெண்டு ஆயிருக்கும். நீங்க குடுத்திருந்தா."

சம்மதம் சார் வாயைத் திறந்தார். தயாரித்து வந்த கோபத்தில் அடுத்த வரி இல்லை.

"குடுத்தீங்களா?" என்று அவள் மென்மையாகக் கேட்டாள். "குடுத்தேன்னு சொன்னீங்கன்னா இப்பவே டாக்டருக்குப் போன் பண்றேன். பன்னண்டு நாள் டபுள் டோஸ். வயித்தைக் கழுவணும், படுக்க வெக்கணும். சொல்லுங்க. குடுத்தீங்களா?"

துரை ஜன்னலோரத்திலிருந்து எழுந்து வந்து இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தது. சாட்சி சொல்ல வந்தது போல இருந்தது.

"அதாவது... குடுக்கறதுன்னா..."

"முதல் நாள் பெருக்கும்போது சோபாவுக்கு அடியில ஒண்ணு. துவைக்கப் போட்டப்போ சட்டைப் பையில மூணு. நானும் முதல்ல பயந்துட்டேங்க, சட்டைக்குத்தான் உண்ணிக் காய்ச்சலோன்னு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கலை?"

"உங்களையும் பலவந்தப்படுத்தக் கூடாதுன்னுதான்."

அவர் சோபாவில் உட்கார்ந்தார். கால் மேல் கால் போடவில்லை.

"சரி," என்றார். "போனது போகட்டும். இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும். வெளிய யார்கிட்டயும் சொல்லாத."

"நான் ஏங்க சொல்றேன்? வெளிய எல்லாருக்கும் உங்களைப் பத்திப் பெருமையாத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள் மனைவி. அதே சமயம் வாசல் மணி அடித்தது. "அவராத்தான் இருக்கும். ஆறு மணிக்கு வரேன்னார்."

மாடி வீட்டுக் கார்டு வாசலில் நின்றார். ஒரு கையில் பயணப் பெட்டி, மறு கையில் மூடி போட்ட பிரம்புக் கூடை. கூடைக்குள் பிரஷர் குக்கர் விசிலடிக்கத் தயாராகிற மாதிரி ஒரு சீறல்.

"வீட்டம்மா எல்லாம் சொன்னாங்க சார். நீங்களும்தான் சொன்னீங்களே, எது வேணாலும் கொண்டு வாங்கன்னு. பதினோரு நாள் மக வீட்டுக்குப் போறேன். மகாராணிக்குச் சிறுநீரகக் கோளாறு. அரை மாத்திரைதான் சார், சின்னது. ஒரு நாளைக்கு மூணு வேளை."

"மூணு வேளையா?" என்றார் சம்மதம் சார். குரல் அவருடையது போல இல்லை. "ஏன், டாக்டர் வீட்ல வெச்சுக்க மாட்டாங்களா?"

"போன மாசம் வெச்சுக்கிட்டாங்க. கட்டை விரல்ல ஏழு தையல் போட்டதுக்கு அப்புறம் வேண்டாம்னுட்டாங்க."

கூடை தானாகவே அரை அடி நகர்ந்தது. அதுவரை நடுவீட்டில் உட்கார்ந்திருந்த துரை எழுந்து, நிதானமாக உள் அறைக்குள் போய், கட்டிலுக்கு அடியில் நுழைந்துகொண்டது.

சம்மதம் சார் மனைவியைப் பார்த்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

"உங்களால முடியாதுன்னா சொல்லிடுங்க," என்றாள். "சார் தப்பா நினைச்சுக்க மாட்டார். நடந்ததையெல்லாம் நானே விளக்கமாச் சொல்லிடறேன்."

கார்டு ஆவலோடு நிமிர்ந்தார். "என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கலை!" என்று பாய்ந்து கூடையை வாங்கிக்கொண்டார் சம்மதம் சார். கூடையின் சந்திலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு கை மின்னல் போல வந்து போயிற்று. அவர் மணிக்கட்டில் மூன்று சிவப்புக் கோடுகள் விழுந்தன.

கார்டு நன்றி சொல்லிப் படியிறங்கிப் போனதும் மனைவி உள்ளே போய், சம்மதம் சாருடைய முழுக்கைச் சட்டைகளில் இரண்டைக் கொண்டு வந்து சோபாவில் வைத்தாள்.

"ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டுக்குங்க," என்றாள். "மூணாம் வேளை மருந்துக்கு நேரமாச்சு."